நூற்றுக்குப் பன்னிரண்டு

அன்று அவையில் இருந்தவர்கள்: நான்மண்டல நாட்டின் அரசர்; அவருக்கு வலப்பக்கம் தலைமை அமைச்சர் அம்பலவாணர்; எதிரே கீழ்மண்டலம், மேல்மண்டலம், துறைமண்டலம் ஆகியவற்றின் ஆளுநர்கள் மூவர், மூவருக்கும் சாய்மானம் வைத்த நாற்காலி; நான்காவது நாற்காலியில் ஒரு வரைபடம்; தூணோரம் நின்றபடி, கள்ளிமண்டலத்தின் கணக்கெடுப்பாளர் இருளப்பன்.

நான்காவது நாற்காலி கள்ளிமண்டலத்தின் ஆளுநருக்கு உரியது. அந்தப் பதவிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். நாட்டிலேயே வேலையில்லாதவர்கள் மிக அதிகமாக இருந்த மண்டலம் அதுதான்.

வரைபடம் வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் விட்டுச்சென்றது. வேலையில்லாதவர்கள் எங்கே அதிகமோ அங்கே கருமை அதிகமாகத் தீட்டியிருந்தார். மூன்று மண்டலங்கள் வெளிறிய மஞ்சளில் இருந்தன. தெற்கே கள்ளிமண்டலம் மட்டும் அடுப்புக்கரி போல் கிடந்தது. விருந்தின்போது அவருடைய மனைவி அந்த இடத்தைத் தொட்டு, "இங்கே ஏதாவது தீ விபத்தா?" என்று கேட்டுவிட்டாள். அன்று தொட்டு அரசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"எண்களைச் சொல்லுங்கள்" என்றார் அரசர்.

"நூற்றுக்கு நான்கு" என்றார் கீழ்மண்டலத்தார். "மூன்று" என்றார் மேல்மண்டலத்தார். "ஐந்து, அதுவும் மீன் பிடிக்காத மாதம் என்பதால்" என்றார் துறைமண்டலத்தார்.

இருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முப்பத்தாறுங்க."

அம்பலவாணர் கண்ணை மூடித் திறந்தார். "கூட்டினால் நாற்பத்தெட்டு. நான்கால் வகுத்தால் பன்னிரண்டு. அரசே, நம் நாட்டில் வேலையின்மை என்றொரு பிரச்சினையே இல்லை. பன்னிரண்டு கௌரவமான எண். ஏற்றத்தாழ்வுதான் பிரச்சினை. ஒரு பக்கம் கறுப்பாகவும் மூன்று பக்கம் மஞ்சளாகவும் இருப்பதுதான் கண்ணை உறுத்துகிறது."

"அதற்கு என்ன செய்வது?"

"அடுத்த கணக்கெடுப்புக்குள் நான்கு மண்டலங்களும் பன்னிரண்டுக்கு வந்துசேர வேண்டும் என்று ஆணையிடலாம். குறைவாக இருப்பவர்கள் ஏறட்டும். கூடுதலாக இருப்பவர்கள் இறங்கட்டும்."

"கேட்கவே நியாயமாக இருக்கிறது" என்றார் அரசர்.

இருளப்பன் மெல்லக் கையைத் தூக்கினார். "எசமான், ஏறுறது சுலபம். நாங்க இறங்குறது எப்படிங்க?"

"அது நிர்வாக விவரம்" என்றார் அம்பலவாணர். "அவையில் கொள்கை மட்டும்தான் பேசுவோம்."

ஊர் திரும்பும் வழியெல்லாம் இருளப்பன் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். அவருடைய ஒரே மகள் மாயக்காள் மூன்று வருடமாக மேல்மண்டலத்தில் நூற்பாலையில் வேலை செய்தாள். அறுந்த இழையை முடிவதில் அவளைப் போல விரல் ஓடுகிறவள் அந்த வரிசையிலேயே கிடையாது என்று மேஸ்திரியே சொல்லியிருந்தார். மூன்று பன்னிரண்டாக வேண்டும் என்றால் நூற்றுக்கு ஒன்பது பேரை வெளியே அனுப்ப வேண்டும். மேல்மண்டலத்தார் யாரை முதலில் அனுப்புவார்கள் என்பதை யோசிக்க இருளப்பனுக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

அப்படியேதான் நடந்தது. நூற்றுக்கு ஒன்பது பேரைத் தேர்ந்தார்கள். அத்தனை பேரும் கள்ளிமண்டலத்துக்காரர்கள். ஆனால் ஆணை போட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்த நாட்டில் வேலையில்லாதவர்களை எண்ணுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கணக்கெடுப்பு நாளில், வேலை இல்லாத ஆள் ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசல் சுவரில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். கணக்கெடுப்பாளர் தெருவோடு நடந்து பொட்டுகளை எண்ணிப் போவார். பொட்டு வைக்கச் சொந்தச் சுவர் வேண்டும். ஆலைக் கொட்டகையில் ஐம்பது பேரோடு படுத்து எழுந்தவர்களுக்கு மேல்மண்டலத்தில் சுவர் ஏது? வேலை போனவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, தங்கள் சொந்தச் சுவரில் பொட்டு வைத்தார்கள்.

மேல்மண்டலம் மூன்றிலேயே நின்றது, மற்ற இரண்டும் அசையவில்லை. கள்ளிமண்டலம் நாற்பத்தொன்றுக்கு ஏறியது.

மாயக்காளிடமிருந்து கடிதம் வந்தது. "அப்பா, இந்தத் தடவை தப்பிச்சேன். என் பக்கத்து வரிசையில நம்ம ஊருக்காரக ஒருத்தரும் இல்ல. அவுக நின்ன இடத்தைப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. மேஸ்திரிகிட்ட எதுவும் கேக்கறதில்ல. குனிஞ்ச தலை நிமிராம இழை முடியிறேன்."

இரண்டாவது அவையில் அரசர் வரைபடத்தைப் பார்க்க மறுத்தார். அதை ஒரு துணியால் மூடியிருந்தார்கள்.

"நாங்கள் ஆணையை மீறவில்லை" என்றார் மேல்மண்டல ஆளுநர். "வேலையை விட்டு அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறோம். எவ்வளவு அனுப்பினாலும் எங்கள் எண் ஏற மாட்டேன் என்கிறது. ஆலைகள் கால்வாசி நின்றுவிட்டன. வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை."

"முயற்சியைக் கைவிடக் கூடாது" என்றார் அம்பலவாணர். "இடைவெளி அடைபடும் வரை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நூற்றுக்கு ஒன்பது பேர். கள்ளிமண்டலத்துக்கு ஒரு சலுகையும் தருகிறோம். வாரத்தில் ஒரே ஒரு நாழிகை உழைத்தவரும் இனி வேலையில் இருப்பவரே. அவர் பொட்டு வைக்க வேண்டியதில்லை."

இருளப்பனுக்கு ஒரு நம்பிக்கை துளிர்த்தது. "எசமான், எங்க பொம்பளைங்க தினமும் எட்டு மைல் நடந்து தண்ணி தூக்குறாங்க. அதைச் சேத்துக்கலாமுங்களா?"

"அது வேலை இல்லை. தாகம்."

"நடக்குறதுங்க?"

"அது நடை. வைத்தியர்களே சொல்கிறார்கள்."

அவை கலைந்தபோது அம்பலவாணர் இருளப்பனைத் தனியாக அழைத்தார். குரலில் திடீரென்று ஒரு குளிர்ச்சி. "உமக்கு மேல்மண்டலத்தில் மகள் இருக்கிறாளாமே?"

"ஆமாங்க."

"கள்ளிமண்டலத்தின் எண் இறங்கினால் இந்த ஆட்குறைப்பு நின்றுவிடும். எண்ணுகிறவர் நீர். இதற்கு மேல் அரசாங்கம் எதையும் சொல்வது முறையல்ல."

அடுத்த கணக்கெடுப்பு நாள் காலை. இருளப்பன் தோளில் ஈரத் துண்டோடு புறப்பட்டார். முதல் தெருவின் முதல் சுவரில் இரண்டு பொட்டு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒன்றைத் துடைத்தார். சுண்ணாம்பு அவ்வளவு எளிதில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தபோது சுவர் மண்ணும் சேர்ந்து உதிர்ந்தது.

அவருக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை. பொட்டுக்கு ஓர் அகப்பைக் கஞ்சி என்பது அரசாங்கக் கஞ்சித்தொட்டியின் விதி. துடைத்த ஒவ்வொரு பொட்டும் யாரோ ஒருவருடைய ஒருவேளைச் சோறு. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவர் மகளுடைய விரல்களை நினைத்துக்கொண்டார். பிறகு அடுத்த சுவருக்குப் போனார். அவரை நல்லவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர் என்று சொல்லலாம்.

மூன்றாவது தெருவில் சீனியம்மாள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். அவள் வீட்டுச் சுவரில் மூன்று பொட்டு: புருஷனுக்கு ஒன்று, ஆலையிலிருந்து திரும்பி வந்த இரண்டு மகன்களுக்கும் ஒவ்வொன்று. இருளப்பன் முதல் இரண்டைத் துடைத்துவிட்டு மூன்றாவது பொட்டின் மேல் துண்டை வைத்திருந்தார்.

"என்னய்யா பண்றீரு?"

"மழையில அழிஞ்சுபோச்சுன்னு வச்சுக்கோ ஆத்தா."

"மழையா? இங்கயா?" அவள் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "எனக்குக் கலியாணமாகி முப்பது வருசத்துல நாலு மழை பாத்துருக்கேன். அஞ்சாவது எங்க வீட்டுச் சுவத்துல மட்டும் பேஞ்சுதாக்கும்?"

இருளப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, மூணு பேரும் வேலைக்குப் போயிட்டாக. மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவாகளா, இல்ல அங்கயே சாப்பிட்டுக்குவாகளா? அதையாச்சும் சொல்லும். உலை வைக்கணுமா வேண்டாமான்னு தெரியணுமில்ல."

"சீனியம்மா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆளை அனுப்புறாக. அடுத்து எம்மக. நம்ம எண்ணு இறங்குனா நின்னுபோகும்னு பெரிய மந்திரியே சொன்னாரு. அங்க மிச்சமிருக்கறது எம்மக மட்டும் இல்ல. ஆயிரக்கணக்குல நம்ம பிள்ளைக. அதுக அனுப்புறதை வச்சுத்தான் இங்க பாதி வீட்ல அடுப்பு எரியுது."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். உள்ளே அவள் மகன் ஒருவன் கயிற்றுக்கட்டிலில் முகட்டைப் பார்த்துக் கிடப்பது தெரிந்தது.

"ஒண்ணை மட்டும் விட்டுரும்" என்றாள். "ஒரு அகப்பையை நாலு பேரு பங்கு போட்டுக்கறோம். ஆனா ஒண்ணு கேட்டுக்கும். நீரு இறக்குறது எண்ணைத்தான். எம்புள்ளைய எந்திரிச்சு உக்கார வைக்க உம்ம துண்டால முடியாது."

மாலைக்குள் கள்ளிமண்டலம் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. ஒன்று கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இருளப்பனின் துண்டு விறைத்துப் பலகைபோல் ஆகியிருந்தது.

மூன்றாவது அவையில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. வரைபடத்தைத் தூக்கிவிட்டு அந்த நாற்காலியிலேயே அமர்த்தினார்கள். மேல்மண்டலம் இன்னும் மூன்றில்தான் இருந்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கரி நிறம் போய்விட்டது. அரசர் வயிறாரச் சாப்பிட்டிருந்தார்.

"முப்பது நாளில் நாற்பத்தொன்றிலிருந்து பன்னிரண்டு!" என்றார் அம்பலவாணர். "வரலாற்றில் எந்த நாடும் செய்யாதது. ஆட்குறைப்பு ஆணை இன்றோடு ரத்து."

இருளப்பன் மெல்லப் பின்னால் சாய்ந்தார். சாய்மானத்தில் முதுகு முதன்முதலாகப் பட்டது. மாயக்காளுக்கு என்ன எழுதுவது என்று மனதுக்குள் வார்த்தை கூட்டத் தொடங்கினார்.

"மேலும்" என்றார் அம்பலவாணர். "கள்ளிமண்டலம் தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டதால் கஞ்சித்தொட்டிகளை மூடுகிறோம். உழைக்கும் மக்களுக்குக் கஞ்சி ஊற்றுவது அவர்களை அவமதிப்பது."

மேல்மண்டல ஆளுநர் எழுந்தார். "எங்கள் மக்களும் ஒன்றைக் கேட்கிறார்கள். கள்ளிமண்டலத்தில் இத்தனை வேலை இருக்கும்போது, அந்த மண்டலத்தார் எங்கள் ஆலைகளில் ஏன் நிற்க வேண்டும்? தாய்மண்ணுக்கு உழைக்கும் பாக்கியத்தை அவர்களுக்கு மறுப்பது பாவம் அல்லவா?"

"ஒப்புக்கொள்கிறேன்" என்றார் அரசர். "ஒன்பது பேர், பத்துப் பேர் என்று இழுக்க வேண்டாம். எல்லாரும் போகட்டும். யாரும் மனம் மாறித் திரும்பிவிடாதபடி எல்லைச் சாலையில் ஒரு கதவு வையுங்கள்."

இருளப்பன் எழுந்தார். "அரசே, அந்த எண்ணு பொய்யிங்க. அங்க ஒரு வேலையும் இல்ல. பொட்டை அழிச்சது நான். இந்தக் கையாலதான் அழிச்சேன்."

ஆளுநர்கள் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். அம்பலவாணர் மட்டும் பதறவில்லை.

"முன்பு நாற்பத்தொன்று என்று எண்ணியவர் யார்?"

"நாந்தாங்க."

"பொய் எண் கொடுப்பவர் என்று நீரே ஒப்புக்கொள்கிறீர். அப்படியானால் உம்முடைய நாற்பத்தொன்றை நாங்கள் எதை வைத்து நம்புவது? இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை. இரண்டில் ஒன்றை நம்பியாக வேண்டும் என்றால், நாட்டுக்கு நல்லதை நம்புவதுதான் அரசாங்கத்தின் கடமை."

"தவிர" என்றார் அரசர் கனிவோடு, "புதிய வரைபடம் அச்சாகிவிட்டது."

அவை கலைந்த பதினோராம் நாள் காலை எல்லைச் சாலையில் அவர்கள் வரத் தொடங்கினார்கள். சாலையின் குறுக்கே வைத்த கதவு புது மரம், தார் வாசனை இன்னும் போகவில்லை. மேல்மண்டலக் காவலர்கள் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, பட்டியலில் அடித்து, "நல்லா உழைங்க" என்று வாழ்த்தி இந்தப் பக்கம் அனுப்பினார்கள். இருளப்பன் காலையிலிருந்து வெயிலிலேயே நின்றார். வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். வராமல் இருந்துவிட மாட்டாளா என்றும் நினைத்தார், எப்போது வருவாள் என்றும் நினைத்தார்.

கடைசியாக மாயக்காள் வந்தாள். தகரப்பெட்டியைத் தலையில் வைத்திருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னப்பா, கூட்டிட்டுப் போக இம்புட்டுத் தூரம் வந்தீங்களா? நான் என்ன சின்னப்புள்ளையா?"

"வா தாயி."

"அங்க ஒரே அழுகை. நான் அழல. மேஸ்திரி சொன்னாரு, உங்க ஊர்ல நூறுக்கு எண்பத்தெட்டுப் பேரு வேலை பாக்குறாங்களாம், உன்னை மாதிரி விரலுக்கு அங்க அடிச்சுக்குவாங்கன்னு." பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "அந்தக் கணக்கை எடுத்தது யாரு? எங்கப்பா எடுத்த கணக்கு. தப்பா இருக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். பாதிப் பேரு வர மாட்டேன்னு அடம்புடிச்சு ஒளிஞ்சுக்கப் பாத்தாக. நான்தான் பேசிப் பேசிக் கிளப்புனேன்."

அவளுக்கு முன்னால் போனவர்கள் சாலையோரத்தில் மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று கேட்பதற்காக இருளப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும்.

"முதல்ல எங்கப்பா போகணும்?" என்றாள் மாயக்காள்.

காவலர் தலைவர் பட்டியலைச் சுருட்டினார். "அவ்வளவுதானே? வேற யாரும் இல்லையே?" என்று சாலையைப் பார்த்து ஒரு தடவை கத்தினார். பதில் வராததால் இரண்டு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். புதுக் கதவு சத்தமே போடாமல் அவள் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கத்திலிருந்து பூட்டைத் திருகும் சத்தம் மட்டும் கேட்டது.