பத்து விரலுக்குப் பத்துப் பேர்

கூச்சக்காரனுக்குப் பொய் சொல்ல வாய் வராது என்று நம்பிவிடாதீர்கள். நான் ஒரே நாளில் பத்துப் பொய் சொன்னேன். வாயால் அல்ல, விரலால்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த மூக்கண்டப்பள்ளிப் பட்டறை மூடியதும், ஓசூரில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் குழுவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். (படிப்பு ஐந்தாவது. விரலில் ஊசி குத்த அது போதுமாம்.) பரம்பரையாக ரத்தத்தில் வருகிற எந்த ஜீன் எந்தெந்த நோய்களைக் கூட்டி வருகிறது என்று கணக்குப் போடுவது அவர்கள் வேலை. அஞ்செட்டிப் பக்கத்தில் ஒரு மலையூரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யாருக்கு மூட்டுவலி என்று நர்ஸம்மா எழுதி முடித்திருந்தார். பத்துப் பேரின் ரத்தம் மட்டும் பாக்கி. ஆளுக்கு ஒரு சொட்டு அட்டையில் வாங்கி வந்தால் என் வேலை நிரந்தரம்.

முதல் வீட்டில் மூட்டுவலிக்கார முனியம்மக்கா, "என்னப்பா வேணும்?" என்றார். ரத்தம் என்று சொல்ல வரவில்லை. "தண்ணி" என்றேன். குடித்தேன். பத்து வீட்டிலும் குடித்தேன். பிறகு புளியமரத்தடியில் உட்கார்ந்து முனியம்மக்காவுக்குச் சுண்டுவிரல் என்று தொடங்கி, என் பத்து விரல்களையும் குத்தி, பத்து அட்டைகளையும் நிரப்பினேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் மேடம் கரும்பலகை முன் குதித்துக்கொண்டிருந்தார். "ஒரே ஜீன்! சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, எல்லாத்தோடவும் வருது! நாளைக்குக் கூட்டத்துல சொல்றேன்!"

கணக்குப் போடும் சார் கண்ணாடியைத் துடைத்தார். "இந்தப் பத்துப் பேரு கூடப் பொறந்தவங்களவிட நெருக்கமா இருக்காங்களே மேடம்?"

"அக்கா மகளைக் கட்டற ஊரு சார். அப்படித்தான் இருக்கும்."

அவரும் தலையாட்டிவிட்டார். மேடத்தின் மானம் என் விரல் நுனியில் நின்றது. பத்து விரலும் தெரிய இரண்டு கைகளையும் தூக்கினேன்.

"எதுக்குப்பா சரண்டர் ஆகற?"

"அந்தப் பத்துப் பேரு... இதுதான் மேடம்."

"அய்யோ தேவரே!" அதிர்ச்சியில் மேடம் கடவுளைக் கன்னடத்தில் கூப்பிட்டார்.

சார் மட்டும் சிரித்தார். "பத்து நோயாளிங்க பேருல ஒரே ஆளோட ரத்தம். அந்த ஜீன் எல்லாத்தோடவும் ஒட்டாம என்ன பண்ணும்?"

மேடம் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். "நிஜ ரத்தத்தோட வா. இல்லன்னா வராத."

மலையூர் பஸ் நிறுத்தத்தில், வாழ்நாளிலேயே முதல்முறையாகக் கத்தி, நடந்ததைச் சொன்னேன்.

முனியம்மக்கா இடுப்பில் கை வைத்தார். "என் பேருல உன் ரத்தமா? நான் பொம்பளடா பாவி!"

அவர் வீட்டுக்காரர் அதற்கு மேல். "இந்தச் சோப்ளாங்கி ரத்தத்தப் பாத்து என்னப் பத்தி என்னா நெனச்சிருப்பாங்க? குத்துடா!"

பத்துப் பேரும் ரோஷத்தோடு வரிசையில் நின்றார்கள். பஸ்காரர் ஹாரன் அடித்துக் காத்திருந்தார். ராஜா மாதிரி ஏறினேன்.

மறுகணக்கில் அந்த ஜீன் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, சர்க்கரையையும் பிரஷரையும் மட்டும் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் மேடத்துக்குக் கைதட்டல், எனக்கு நிரந்தர வேலை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கால் வலிக்கிறது என்றால், என் மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள்: "உங்கப்பா சுண்டுவிரலப் புடிச்சுப் பாருங்க. முனியம்மக்கா மூட்டுவலி அங்கதான் இருக்குது."