ராணிக்கு வளைகாப்பு

எங்கள் நாய் ராணி சினையாக இருக்கிறாள் என்று நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வளைகாப்பே நடத்திவிட்டேன். சிவப்புக் கயிற்றில் ஆறு கண்ணாடி வளையல் கோத்துக் கழுத்தில் கட்டி, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று வரிசையாக வைத்தோம். அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் ஒரு வாளி காலி. "மசக்கைடி" என்று என் மனைவிக்கு விளக்கம் வேறு சொன்னேன். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு!

மறுநாள் காலையில் ராணி எழுந்திருக்கவில்லை. மார்க்கையன்கோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து, சின்னமனூர் மாட்டு டாக்டரிடம் ஓடினேன்.

நாலு கால் சீவனுக்கு அவரளவு மரியாதை கொடுத்தவரும், இரண்டு கால் சீவனை அவரளவு வறுத்தெடுத்தவரும் கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. பெயர் யாருக்கும் தெரியாது, மாட்டு டாக்டர்தான். நான் போனபோது, கடமலைக்குண்டுக்காரர் ஒருவரை நாற்காலியிலிருந்து கிளப்பிக்கொண்டிருந்தார். "எந்திரிலே, அவுக ஒக்காரட்டும்." அவுக என்றது அவர் கொண்டுவந்த வெள்ளாட்டை. ஆடும் கூச்சப்படாமல் உட்கார்ந்துகொண்டது.

ராணியைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "வாங்க ஆத்தா, இங்கன படுங்க." வயிற்றை மெல்லத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே, கழுத்துல என்னலே வளையலு?"

"வளைகாப்பு சார்."

கடமலைக்குண்டுக்காரர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார்.

"எத்தனை குட்டி சார்?"

"குட்டியுமில்ல, ஒண்ணுமில்ல. கருப்பை பூராம் சீழு. வெளிய வர வழியில்லாம உள்ளயே கோத்துக் கெடக்கு. எப்ப பருவத்துக்கு வந்தாக?"

"ஒன்றரை மாசம் இருக்கும்."

"அதுக்கப்புறம் வாரதுதான். இன்னைக்கே எடுத்தாகணும். உள்ள வெடிச்சுச்சுன்னா தங்க மாட்டாக."

சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். "சார், ரத்தம் வேணும்னா என்னோடத எடுத்துக்கங்க!"

"ஒன் ஒடம்புல ஓடுறது டீத்தண்ணிலே. அந்தக் கருமத்த அவுக ஒடம்பு தாங்காது. கையெழுத்தப் போட்டுட்டு வெளிய நில்லு."

போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று வீரபாண்டி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்தேன். போதாதென்று பூக்குழியில் தீ மிதிப்பதாகவும் நேர்ந்தேன். வெறுங்காலோடு வெயிலில் நடந்தாலே துள்ளுகிற ஆள் நான்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். உள்ளே டாக்டர் தரையில் சம்மணம் போட்டு, மயக்கத்தில் கிடந்த ராணியின் தலையை மடியில் வைத்திருந்தார். காதோரம் குனிந்து, "முடிஞ்சிருச்சு ஆத்தா, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணாடி நனைந்திருந்தது. நான் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.

கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். பத்தாம் நாள் தையல் பிரித்தார். ராணி பிழைத்துக்கொண்டாள்.