மரியாதைஸ்தர் வீட்டு அலமாரி

மனிதகுலம் தகராறுகளைத் தீர்க்க நீதிமன்றம், நுகர்வோர் மன்றம், அடியாள் என்று எத்தனையோ வழிகளைக் கண்டுபிடித்துக் களைத்துவிட்டது. கோவை ஆர்.எஸ்.புரம் திருமலைசாமி எல்லாவற்றையும் ஒரே பொருளால் வென்றவர். அதன் பெயர் மரியாதை.

பம்புசெட் தொழிலில் நாலு காசு பார்த்த அவர், 1998-இல் சமையலறையை, சுவர் நிறைய அலமாரிகளோடு, 'மாடுலர்' ஆக்கத் தீர்மானித்தார். 'இன்டீரியர்' கான்ட்ராக்டர் ராமுலு பொங்கலுக்குள் முடிப்பதாகச் சொன்னார். எந்தப் பொங்கல் என்று கேட்பது மரியாதையல்ல. ஆடியும் பிறந்தது. பாதிக் கதவுகள் மூட மறுத்தன, மீதி திறக்க மறுத்தன. மனைவி சென்னியம்மாள் கார் ஷெட்டில் ஸ்டவ் வைத்துச் சமைத்தார். ஆவணியில் மகள் சண்முகப்பிரியாவுக்கு நிச்சயம், அதுவும் வீட்டிலேயே.

"இன்னிக்கு அந்தாள உண்டு இல்லைன்னு பண்ணிப்போட்டுத்தான் வருவேன்" என்று திருமலைசாமி கிளம்பினார்.

"ஏனுங்க ராமுலு, சவுக்கியமுங்களா?"

"உங்க தயவுங்க. சாப்ட்டீங்ளா?"

"ஆச்சுங்க. அந்தக் கதவு..."

"ஆடிச் சாரலுக்குப் பிளைவுட்டு உப்பிக்குதுங்க."

"அது என்னங்க பண்ணும், பாவம்!"

பேச்சுவார்த்தை சுமுகமாக நிறைவடைந்தது. கூட்டறிக்கையாகக் காபி வெளியிடப்பட்டது. நிச்சயத்துக்கு ராமுலுவையே முதல் ஆளாக அழைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னாச்சுங்க?" என்றார் சென்னியம்மாள்.

"பொம்பளைக்கு எதுக்குடி அதெல்லாம்? வாய மூடு!"

கொண்டுபோன கோபம் வீணாகிவிடக் கூடாதல்லவா? அவர் சிக்கனமானவரும்கூட.

மாப்பிள்ளை மோகன்குமாருக்குச் சூலூரில் விசைத்தறி. "யாருகிட்டயும் சத்தமா ஒரு வார்த்தை பேச மாட்டாருங்க, என்னாட்டவே" என்று திருமலைசாமி ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

நிச்சயத்தன்று கூடம் நிறைய மாப்பிள்ளை வீட்டார். காபிக்குச் சர்க்கரை எடுக்கச் சென்னியம்மாள் புதுச் சமையலறையின் மேல் அலமாரியைத் திறந்தார். கதவு கீலோடு கழன்று அவர் காலில் விழுந்தது.

திருமலைசாமி ஓடிவந்தார். சமையலறை வாசற்படியில் நின்ற ராமுலுவின் கையைப் பதறிப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் அடி படலீங்களே?"

பிறகு மனைவியிடம் திரும்பினார். "கண்ணு தெரியலயா உனக்கு? மெதுவாத் தொறந்தா என்ன?"

சென்னியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சண்முகப்பிரியா நிச்சயப் பட்டின் முந்தானையால் அம்மாவின் கால் ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"அப்பா, மாப்பிள்ளையும் உங்களாட்டவே ரொம்ப மரியாதையானவருன்னு சொன்னீங்க. ஊட்டுக்குள்ள எப்படின்னு விசாரிச்சீங்களா?"