ஜனவரி மாத வாடகை

பாலகோபால் வாடகைப் பணத்தை நீட்டியதும் வீட்டுக்காரர் அழகிரிசாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாமுங்க தம்பி."

"ஏனுங்க, இன்னைக்கு ஒண்ணாம் தேதிங்க."

"தேதி தெரியுமுங்க. பணந்தான் வேண்டாமுங்க."

எட்டு வருஷமாக ஒன்றாம் தேதி காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் வந்து நின்று, முப்பது ரூபாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிற மனிதர் அவர். இன்று பாலகோபாலே தேடிக்கொண்டு வந்து கொடுத்தும் வாங்கவில்லை. பாலகோபால் ஓரடி முன்னால் வைத்தால் அவர் ஓரடி பின்னால் வைத்தார். கடைசியில் மாட்டுக் கொட்டகைச் சுவரில் முதுகு முட்டி நின்றார்.

"வக்கீல் வாங்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. தப்பா நெனைக்காதீங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தானுங்க" என்றார்.

வீட்டை விட்டுத் துரத்துவதில் என்ன நல்லது இருக்கிறது என்று பாலகோபாலுக்குப் புரியவில்லை. நாலு நாளைக்கு முன்னால்தான் ரிஜிஸ்தர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தது. வீடு தேவைப்படுகிறதாம். தை மாதக் கடைசிக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டுமாம். என்ன தேவை என்று ஒரு வரி இல்லை.

பாலகோபால் பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கிளார்க். பயந்த சுபாவம் என்று சொல்ல முடியாது. ஆனால் சாமான் ஏற்றிய மாட்டு வண்டியை ஒரு வீட்டு வாசலில் பார்த்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். அவருடைய அப்பா பதினோரு வாடகை வீடு மாறியவர். ஒவ்வொரு முறையும் வண்டியில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டு வரும் வேலை சிறுவன் பாலகோபாலுக்கு. உலகத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஆசைதான். யாரும் "கிளம்பு" என்று சொல்ல முடியாத ஒரு வீடு வேண்டும். அது ஸ்டோர் கிளார்க் சம்பளத்தில் நடக்காது என்பதால், இருக்கிற வாடகை வீட்டையாவது விடக்கூடாது என்று இருந்தார்.

அவர் மனைவி ராமாமணியோ நோட்டீஸ் வந்த அன்றே பித்தளைப் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். அதுவும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

"என்ன அம்மணி, அதுக்குள்ள மூட்டை கட்டறே?"

"கேட்டா குடுத்தரோணுமுங்க. அவங்க ஊடு. ஒரு மாசம் எங்கப்பா ஊட்டுல இருந்துக்கலாம். காலைல பாசஞ்சர்ல ஏறுனா மில்லுக்கு வந்தரலாமுங்க."

பாலகோபாலுக்கு முகம் சிவந்தது. மாமனார் பங்காருவுக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி. நல்ல வசதி. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்குப் புது சைக்கிள் வாங்கி வைத்தவர், "பாவம், நடந்து போறாரே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்தப் "பாவம்" பாலகோபாலுக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளை லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து மாமனாரிடம் ஒரு துரும்பு வாங்குவதில்லை என்று சபதம். வெற்றிலை போடும்போதுகூட மேட்டுப்பாளையத்துப் பாக்கா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவார்.

"உங்கப்பா ஊட்டுத் தண்ணியக்கூடக் குடிக்க மாட்டேன். இந்த ஊட்டை விட்டு நான் நவுரறதா இல்லே."

ராமாமணி அடுத்த சொம்பை எடுத்துச் சுற்றினாள்.

மில்லில் ஐயாசாமி என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். தன் வீட்டுக்காரரோடு ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்ததில் மெஷினைவிடச் சட்டம் அவருக்கு நன்றாகத் தெரியும் என்று அவரே சொல்லுவார்.

"வாடகை வாங்கலையா? அப்ப வக்கீல் விசயம் தெரிஞ்சவன்" என்றார் ஐயாசாமி. "நோட்டீஸ் குடுத்த பின்னால வாடகைய ஒருக்கா கையில வாங்கிட்டாலும் நோட்டீஸ் செத்துப்போச்சு. திரும்பவும் உன்னைக் குடி வெச்ச கணக்கு. நீ எப்படியாவது வாங்க வெச்சுரு."

"வாங்க மாட்டேங்கறாரே."

"குடுக்கறவனுக்கா வழி இல்லே?"

முதல் வழி மணியார்டர். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு மணியார்டர் அனுப்புகிற மனிதரைத் தபாலாபீசில் ஏற இறங்கப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அது "வாங்க மறுத்துவிட்டார்" என்ற எழுத்தோடு திரும்பி வந்தது. தபால்காரர் அதை மில் கேட்டில் வைத்துக் கொடுத்ததால், பாலகோபாலின் பணத்தைத் தபால் இலாகாகூட வைத்துக்கொள்ள மறுக்கிறது என்று மில் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அடுத்து வீட்டுக்காரர் மனைவி அம்புஜத்திடம் கொடுத்துப் பார்த்தார். அந்தம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்கிட்ட எதுக்குங்க தம்பி? உங்கூட்டம்மாகிட்டக் குடுத்து வையுங்க. அது பத்திரமா வெச்சிருக்கும்."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பாலகோபால் கோபத்தோடு திரும்பினார்.

அதன்பின் அழகிரிசாமியைத் தெருவில் பார்க்க முடிந்த இடமெல்லாம் துரத்தினார். பணத்தோடு இவர் பின்னால் போக, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவர் முன்னால் ஓட, பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான் தோன்றியது. காய்கறிக்காரி மாரியாத்தாள் பாலகோபாலை நிறுத்திப் பரிவோடு சொன்னாள்.

"பாவமுங்க அவரு. பொண்ணு கல்யாணத்தை வெச்சுட்டு நிக்கறாரு. எப்படியும் உங்க கடனைக் குடுத்துப்போடுவாருங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

வீட்டுக்காரர் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் கடனில் முழுகியிருப்பதாக மாப்பிள்ளை வீடு வரைக்கும் செய்தி போய், அவர்கள் இரண்டு பேரை அனுப்பி விசாரித்தார்கள். அழகிரிசாமி அரண்டுபோனார். பாலகோபாலின் சைக்கிள் மணி கேட்டாலே பின்பக்கமாக வெளியேறினார். அந்த சைக்கிள் மில் கடனில் வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர். கல்யாணப் பத்திரிகையை ஊரெல்லாம் வைத்துவிட்டுக் கடைசியில், காலி செய்யச் சொன்ன வாடகைக்காரர் வீட்டுக்கும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்தார்.

"குடும்பத்தோட முந்தின நாளே வந்தரோணுமுங்க."

"வாரேனுங்க. அப்படியே இந்த வாடகைய..."

பாலகோபால் சட்டைப்பையில் கை வைப்பதற்குள் அழகிரிசாமி தாம்பாளத்தையும் விட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

அந்தத் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் பாலகோபாலுக்கு அந்த யோசனை வந்தது. ஐயாசாமிகூட நினைத்துப் பார்க்காதது. கல்யாணத்தில் வருகிற மொய்யை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கிய மொய்யைத் திருப்பிக் கொடுப்பது என்றால் இனி உன் வாசல் மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம். அழகிரிசாமி செத்தாலும் அதைச் செய்ய மாட்டார்.

கல்யாணத்தன்று மொய் எழுத உட்கார்ந்திருந்தவர் அழகிரிசாமியின் சகலை வெங்கடபதி. பேரையும் தொகையையும் உரக்கச் சொல்லி எழுதுவது அவர் வழக்கம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று போய்க்கொண்டிருந்தது. தாய்மாமன் மட்டும் பதினொன்று.

"பீளமேடு பாலகோபால்" என்றார் பாலகோபால். "முப்பது ரூபாய்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெங்கடபதி நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பக்கத்துலயே ஜனவரி மாத வாடகைன்னு எழுதிப்போடுங்க."

"மொய்யில அதெல்லாம் எழுதறதில்லீங்களே."

"ஒரு வேண்டுதலுங்க."

வேண்டுதல் என்றால் வெங்கடபதி மறுபேச்சுப் பேசமாட்டார். 'ஜனவரி மாத வாடகை' என்று முத்து முத்தாக எழுதி, தேதி போட்டு, தேங்காய்ப் பையும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பாலகோபாலை விடவில்லை. தாய்மாமனை மிஞ்சி மொய் வைத்தவர் என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கையெல்லாம் சந்தனம். பந்தியில் அவர் இலைக்கு மட்டும் இரண்டு ஜிலேபி. மணமேடையிலிருந்த அழகிரிசாமிக்கு விஷயம் என்னவென்று தெரியாது. கண் கலங்கிக் கும்பிட்டார். ராமாமணி மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அத்தனை பணத்தை எதுக்கு மொய் வெச்சீங்க?"

"நாளைக்குத் தெரியும்" என்றார் பாலகோபால்.

மறுநாள் காலை தெரிந்தது. அழகிரிசாமி மொய் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்யாண வேட்டியை மாற்றாமலே வந்து நின்றார்.

"என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க தம்பி."

"வாடகை குடுத்தேனுங்க. நீங்க வாங்கிக்கிட்டீங்க. ரசீதுக்கு வெங்கடபதி ஐயா கையெழுத்தே இருக்குதுங்க."

"நான் வாயைத் தொறந்து சொல்ல முடியாத நெலமைல இருக்கறனுங்க" என்று அழகிரிசாமி பாலகோபாலைத் தாண்டி உள்ளே பார்த்தார். கதவோரம் நின்ற ராமாமணி வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். விஷயம் புரிந்ததும் அப்படியே பாத்திர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று பாலகோபால் நினைத்துக்கொண்டார். முப்பத்தாறு வயதில் முதன்முறையாக, கிளம்பு என்று சொன்ன ஒருவரிடம் கிளம்ப மாட்டேன் என்று சொல்லி ஜெயித்திருக்கிறார். அழகிரிசாமி பெருமூச்சு விட்டுக்கொண்டு, நோட்டோடு வக்கீல் ஆபீசுக்குப் பஸ் ஏறினார்.

மில்லில் ஐயாசாமி பாலகோபாலைக் கட்டிப்பிடித்தார். இனி வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால் பாலகோபால்தான் தலைவர் என்றார். கால் தரையில் பாவாமல் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ராமாமணி சுற்றி வைத்த பாத்திரங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலமாரியில் சத்தம் வர வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை. கண் சிவந்திருந்தது.

அப்போதுதான் வக்கீல் குமாஸ்தா சுப்பையன் காகிதக் கட்டோடு வந்தார். அதற்கு முன் பாலகோபாலை அவர் பார்த்ததில்லை.

"வாடகைக்கு இருக்கறவரு நீங்கதானுங்களா? நோட்டீஸை வக்கீல் ஐயா வாபஸ் வாங்கிட்டாருங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பாலகோபால் நிதானமாக, கல்யாண ரிஜிஸ்தரில் போடுகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். சுப்பையனை உட்காரச் சொல்லிக் காப்பி கொண்டுவரச் சொன்னார். காப்பி வந்தது. டம்ளர் வைக்கப்பட்ட வேகத்தில் பாதி தட்டில் இருந்தது.

"ஜெயிச்சாச்சு, இனிக் கேக்கலாமுங்க. வீட்டுக்காரருக்கு அப்படி என்னங்க தேவை?"

"விக்கறதுக்குங்க. பொண்ணு கல்யாணச் செலவு. அட்வான்ஸ்கூட வாங்கியாச்சு. ஆனா வாங்க வந்தவரு ஆள் இருக்கற ஊட்டை வாங்கறதில்லைன்னு ஒத்தைக் கால்ல நின்னுட்டாருங்க. முன்னால கடை ஒண்ணு அப்படி வாங்கிப்போட்டு, உள்ள இருந்தவன் ஒம்பது வருசமா நவுரலையாமா."

"ரொம்ப உஷாரான ஆளு" என்று பாலகோபால் சிரித்தார்.

"இன்னைக்குப் பத்திரம் பேச வந்தவரு மொய் நோட்டைப் பாத்ததும் எந்திரிச்சுட்டாருங்க. உள்ள இருக்கற ஆளை எனக்கு நல்லாத் தெரியும், அவரு ஒரு முடிவு எடுத்தா மாத்த மாட்டாருன்னு சொல்லிப்போட்டு, அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டு மத்தியான வண்டிக்கே போயிட்டாரு."

"என்னையத் தெரியுமா? எந்த ஊருங்க அவரு?"

"மேட்டுப்பாளையமுங்க. பாக்கு மண்டி வெச்சிருக்கறாரு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பாலகோபால் கையிலிருந்த டம்ளரும் பாதி வழியில் நின்றது.

சுப்பையன் மீதிக் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவரு மக பேருக்குத்தானுங்க வாங்க இருந்தாரு, யாரும் கிளம்புன்னு சொல்ல முடியாத ஒரு ஊடு அந்தப் புள்ளைக்கு வேணும்னு. மருமகன் ரொம்ப ரோசக்காரராமா, தெரிஞ்சா காரியமே கெட்டுப்போகும்னு எங்க எல்லாத்துகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. இனி வேற ஊடு பாத்தாலும் பாப்பாருங்க, அதனால நீங்களும் தயவுபண்ணி அந்த மருமகன் காதுக்குப் போகாம பாத்துக்குங்க."