ஓவர்சியர் வீட்டு ஈரச் சுவர்

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய மாமா அர்த்தநாரி அவர்களுக்கு, மருமகன் தமிழ்செல்வன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கு நான் நலம் என்று எழுதினேன். தாள் நமத்துக் கிடப்பதால் அந்த ஒரு சொல்லில் மட்டும் மை ஊறிப் பரவிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன், அதுவே பொருத்தமாக இருக்கிறது. போனில் பேசலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனுக்குள் ஈரம் போய்விட்டது, காயட்டும் என்று அரிசிக்குள் புதைத்து வைத்தேன், அரிசியே ஈரம். போன் நன்றாக இருந்தபோதும் தங்கள் மகள் ராதிகா நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் பேளுக்குறிச்சிக்கு, தங்கள் வீட்டுக்கு, வந்து ஒன்பது நாளாகிறது. காரணம் சொல்லியிருக்க மாட்டாள். நானே சொல்லிவிடுகிறேன் மாமா, தப்பு என் பேரில்தான்.

ஐப்பசியில் மாற்றலாகி இங்கே வந்ததும் சின்னுசாமி என்பவரின் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். நல்ல வீடு. ஆனால் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு சாண் சந்து விட்டிருந்தார்கள். அது வழியாகப் பனிக்காத்து உள்ளே வந்து என் காதுக்குள்ளேயே குடியிருக்குதுங்க. "அந்தச் சந்தை மட்டும் அடைக்காதீங்க சார், பொகையும் ஈரமும் போறதுக்கு உட்டது" என்று சின்னுசாமி படிச்சுப் படிச்சுச் சொன்னார். பதினெட்டு வருஷமா யூனியன்ல ஓவர்சியர், ஊரான் கட்டுற ஊட்டுக்கெல்லாம் அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுறவன், எனக்கே பாடமான்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஏணி மேல நின்னு தெர்மாகோல், சிமெண்ட் சாக்கு, டேப்பு எல்லாம் வெச்சு அடைச்சேன். சன்னலுக்குப் பாலிதீன் தாள் வேற. அடைச்சு முடிச்சு ஒரு ஊதுபத்தியக் கொளுத்திப் பார்த்தேன், பொகை ஆடாம அசையாம நேரா நின்னுச்சு. ராதிகாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். "நல்லாத்தான் இருக்குது, ஆனா இந்தப் பொகை எங்கீங்க போகும்?"னு கேட்டா. நான் ஓவர்சியரா நீ ஓவர்சியரான்னேன்.

பத்தே நாள் மாமா. செவுரு வேர்க்க ஆரம்பிச்சுது. வெளிய துணி காயறதில்லைன்னு உள்ளேயே கொடி கட்டியிருந்தோம், காலையில ரெண்டு அண்டா வெந்நீர், அப்புறம் இட்லி, ராத்திரி கொள்ளு ரசம், எல்லா ஆவியும் அந்த நாலு செவுத்துக்குள்ளதான். அது எனக்கு உறைக்கணுமே! ஓடு ஒழுகுதுன்னு முடிவு பண்ணி நீலத் தார்ப்பாய் வாங்கி மேல போர்த்தினேன். மழையே இல்லை, செவுரு முன்னைக்கு மேல ஊத்துது. அப்புறம் பக்கத்து ஊட்டுல இருக்கிற சின்னுசாமி சம்சாரம் ராமாயி அக்கா எங்க செவுத்தோரமாத் துவைக்கிறதுதான் காரணம்னு சொல்லி, ஒரு வாரம் அந்தம்மாவை ஓடை வரைக்கும் துணி மூட்டையைத் தூக்க வெச்சேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசலைங்க அந்தம்மா. இப்ப நெனச்சா வெக்கமா இருக்குது.

இதுக்குள்ள உப்பு தண்ணியாச்சு, தீப்பெட்டி பத்தறதில்லை, என் பெல்ட்டுல பச்சையாப் பூஞ்சை. "பீரோவைச் செவுத்தை உட்டுத் தள்ளிப் போடுங்க"ன்னு ராதிகா மூணு தரம் சொன்னா. மூணு தரமும் அதே ஓவர்சியர் பேச்சுத்தான். கடைசியில ஒரு நாள் பீரோவைத் திறந்தா, தலைதீபாவளிக்கு நீங்க எடுத்துக் குடுத்த அரக்குப் பட்டு முந்தானை முழுக்கக் கறுப்புப் புள்ளி. அவ அதைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. நான் அப்பவாச்சும் வாயை மூடியிருக்கலாம். "ஈரக் கையோட மடிச்சு வெச்சிருப்பே"ன்னேன். பாவி, அப்படித்தாங்க சொன்னேன். அவ பையை எடுத்துக்கிட்டு, "செவுரு காஞ்சா வாரேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா.

அவ போன நாலாம் நாள் நானே வெந்நீர் வெச்சேன். மூடியைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி பூரா மறைஞ்சு போச்சு. தொடைச்சுப் போட்டுப் பார்த்தா, அந்த ஆவி மெதுவாப் போய்ச் செவுத்துல உக்காந்து, பொட்டுப் பொட்டா எறங்குது. நேரா சின்னுசாமி ஊட்டுக்குப் போனேன். அவங்க அடுப்படிச் செவுரு அப்பளமாக் காஞ்சிருக்குது. ராமாயி அக்கா சிரிச்ச சிரிப்பு! "ஏனுங்க சார், சட்டிக்கு மூடி போட்டாப்ல ஊட்டை மூடிட்டு உள்ளார இருந்து வேகுறீங்களே, அந்தப் புள்ளையும் சேர்த்தா வேக வெச்சீங்க?"ன்னாங்க.

அன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். சன்னல் திறந்து கெடக்குது. பீரோ செவுத்தை உட்டு ஒரு முழம் தள்ளி நிக்குது. பனிக்காத்துல காது குத்துது, குத்தட்டும். செவுரு சுத்தமாகக் காய்ந்துவிட்டது என்பதை ஒரு ஓவர்சியர் என்ற முறையில் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆகையால் தாங்கள் ராதிகாவைச் சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் குடையோடு நிற்பேன். நானே வந்து கூப்பிடலாம்தான், ஆனால் நாலு பேர் பார்க்க மாமனார் வாசலில் வந்து நிற்பது என் உத்தியோகத்துக்கு அழகல்ல. தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். ராதிகாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, சாப்பிட்டாளா என்று கேட்டதாகச் சொல்லவும். தங்கள் ஆசி என்றும் வேண்டும்

மருமகன்,
தமிழ்செல்வன்.

பின்குறிப்பு: மாமா, கடிதத்தைப் போடலாம்னு பீரோவுல இருந்த கவரை எடுத்தேன். பன்னெண்டு கவரும் தானா வாயை ஒட்டிக்கிட்டு ஒரே கட்டையாக் கெடக்குது. நேத்துத்தாங்க வாங்கி வெச்சேன். செவுத்தைக் கையால தடவிப் பார்த்தேன், கை நனையுது. மேல ஓவர்சியர் முறையில எழுதினதை அடிச்சுட்டுப் படிங்க, மாமனார் வாசல்னு எழுதினதையும் அடிச்சுடுங்க. கடிதத்தை மடிச்சு நானே கொண்டாந்து குடுத்துட்டு, இப்ப உங்க முன்னாடிதான் நிக்கிறேன். பையில இருக்கிறது அந்தப் பட்டு. ஒரு வாரம் லீவு எழுதிக் குடுத்திருக்கேன். செவுரு காயற வரைக்கும் நானும் இங்கேயே இருந்துக்கலாமான்னு அவளைக் கேட்டுச் சொல்லுங்க மாமா.