சடையன் கஞ்சி குடித்த காரணம்

கச்சிராயபாளையம்,
29.9.1987

அன்புத் தம்பி தீனதயாளனுக்கு, அக்கா விஜயலட்சுமி எழுதுவது. நான் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாகவே இருக்கவேண்டும்; இல்லையென்றால் இதற்குள் தந்தி வந்திருக்கும். அங்கே மழை உண்டா, பால் என்ன விலை என்று நான் விசாரித்ததாகவும் நீ பதில் சொல்லிவிட்டதாகவும் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

‘அறுபத்தேழு வயதில் உனக்கு இது தேவையா’ என்று கேட்டிருந்தாய். தேவை எனக்கல்ல. கல்வராயன் மலையில் மழைக்குப் பின் சுனைத் தண்ணீர் கெட்டு வாந்திபேதி பரவியதில், பாதையில்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தார்கள். அவர்களைக் கிடத்த இடமில்லாமல், ஊருக்கு வெளியே இருந்த நெல் கிடங்கு ஒன்றைக் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்படித்து, நாற்பது கயிற்றுக் கட்டில் போட்டு, ஒரே நாளில் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு நர்ஸ்கள், ஒரு டாக்டர். டாக்டர் தமிழழகனுக்கு வயது இருபத்தெட்டு. சவரம் செய்ய நேரமில்லாததால் நாற்பது மதிக்கலாம். கள்ளக்குறிச்சியில் ஓய்வு பெற்ற உணவியல் பேராசிரியை ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிக்கு உணவு என்ற பாடத்தை முப்பது ஆண்டுகள் நடத்தியவள், நோயாளிகள் வந்து கேட்கும்போது வரமாட்டேன் என்று சொல்வது அழகல்ல. எனவே வந்தேன். கல்யாணச் சமையல் செய்யும் பொன்னுரங்கம் சமைப்பது, நான் மேற்பார்வை பார்ப்பது என்று ஏற்பாடு.

நான் வந்து சேர்ந்த மறுநாள் காலை, இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். எங்கள் அரிசி, சர்க்கரை, சலைன் பாட்டில், பொன்னுரங்கம் ஆகிய நான்கும் மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. நான் குடையை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து போனேன். மரத்தின் மீது உட்கார்ந்திருந்த இளைஞர்களுக்குத் தலைவன் காசிநாதன் என்பவன்; பி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடமாக வேலையில்லாதவன்.

“ஆயா, போராட்டம் நடந்துகினு இருக்குது. ஒரு வண்டியும் வுட மாட்டோம், திரும்பிப் போங்க” என்றான்.

எனக்குப் பேரன் பேத்தி கிடையாது, ஆகவே ஆயா என்று அழைக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை என்று முதலில் தெளிவுபடுத்தினேன்.

“சரி டீச்சரம்மா. படிச்சவங்க நீங்களே சொல்லுங்க. எங்க புள்ளைங்களுக்குக் காலேஜுல எடம் வோணுமா, வாணாமா?”

“வேண்டும். முப்பது வருடம் கல்லூரியில் இருந்தேன். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று எண்ண இரண்டு கை விரல்களே அதிகம். அதைப் பற்றி மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். இப்போது என் அரிசியைக் கொடு.”

அவன் திரும்பிப் பார்த்து, “டேய், வண்டியத்தான மறிக்கிறோம், அரிசியையா மறிச்சோம்? தூக்குங்கடா” என்றான். பத்துப் பேர் மூட்டைகளைத் தலையில் ஏற்றி, மரம் தாண்டி, கிடங்கு வரைக்கும் சுமந்து வந்து இறக்கினார்கள். சலைன் பெட்டிகளைக் கைக்குழந்தையை ஏந்துவதைப் போல் ஏந்தி வந்தார்கள். பொன்னுரங்கத்தை மட்டும் தர மறுத்துவிட்டார்கள். அந்த மனிதர் மரத்துக்கு அந்தப் பக்கம் அண்டா வைத்து, மறியல்காரர்களுக்கு எலுமிச்சம் சாதம் கிளறிக்கொண்டிருந்தார்.

“அவர மட்டும் கேக்காதீங்க டீச்சரம்மா. அவரு போனா போராட்டமே போச்சு” என்றான் காசிநாதன். வாசனையை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னதில் மிகை இல்லை.

ஆகவே கஞ்சியை நானே காய்ச்சினேன். இத்தனை லிட்டர் நீருக்கு இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் உப்பு என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நான்கு அடுப்பு மூட்டி, காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் காய்ச்சி, கட்டில் கட்டிலாக நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் குடிக்கவில்லை.

உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை நர்ஸ் கொடுத்தால் முகம் சுளித்தபடியாவது குடித்தார்கள். கஞ்சியை மட்டும் வாங்கி, சற்று நேரம் கையில் வைத்திருந்து, தம்மைப் பார்க்க வந்தவர்களிடம் நீட்டிவிட்டார்கள். மலையிலிருந்து எந்த நோயாளியும் தனியாக வருவதில்லை. தூக்கி வந்த நான்கு பேர், மனைவி, மாமியார் என்று ஒரு கட்டிலுக்கு ஆறு பேர் தரையில் இருப்பார்கள். அவர்கள் தம்ளரை வாங்கிக்கொண்டு அடக்கமாக வெளியே போய், காலித் தம்ளரோடு திரும்புவார்கள். வந்தவர்கள் வயிறு நிறைகிறது, கட்டிலில் கிடப்பவர்கள் எலும்பாகிறார்கள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

எல்லோரிலும் மோசமாக இருந்தவன் பதினேழாம் கட்டில் சடையன். கரியாலூருக்கு மேலே ஏதோ ஒரு குக்கிராமம். பேதி நின்றுவிட்டது, ஆனால் எழுந்து உட்காரத் தெம்பில்லை. டாக்டர் என்னை வெளியே அழைத்துப் போய், “பேதி திரும்ப வந்தா தாங்க மாட்டார் மேடம். உடம்புல ஒண்ணுமே இல்ல. சலைன் பாட்டிலும் பதினொண்ணுதான் இருக்கு. நாளைக்குள்ள ஏதாவது சாப்பிட வைங்க” என்றார்.

நான் போய்ச் சடையனையே கேட்டேன். அவன் தன் மனைவி பாப்பாத்தியைப் பார்த்தான். பிறகு, “வந்தவங்க மொதல்ல குடிக்கட்டும். எனக்கு அப்பறம் பாத்துக்கலாம்” என்றான். அந்த வாக்கியத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

கட்டில் அவர்களுக்குப் படுக்கையன்று, வீடு. அதில் படுத்திருப்பவன் நோயாளியல்லன், வீட்டுக்காரன். தன்னைத் தேடி மலையிறங்கி வந்தவர்கள் பசித்திருக்க, வீட்டுக்காரன் முதலில் குடிப்பது எப்படி? நாம் நாற்பது நோயாளிகளுக்கு உணவு அனுப்புகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நாற்பது வீடுகளுக்கு விருந்தாளிகளை அனுப்பிவைத்திருக்கிறோம். நோயாளியைக் குடிக்கவைக்க ஒரே வழி, அவனை விருந்தாளியாக்குவது. சமைப்பவர் யாரோ அவரே வீட்டுக்காரர் என்பதால், அடுப்பை வந்தவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

டாக்டரிடம் சொன்னேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து நர்ஸ் அளந்து கொடுப்பதாயிருந்தால் சம்மதம் என்றார், நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக. கிடங்குக்கு முன்னால் வேப்பமரங்களின் கீழ் பதினான்கு அடுப்புகள் முளைத்தன. பாப்பாத்தி என் அரிசியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, மலையிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த சாமையை எடுத்து, கல்லில் நொய்யாக்கிக் காய்ச்சினாள். சடையன் ஒரு தம்ளர் குடித்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மாலையில் எழுந்து உட்கார்ந்து, தானே தம்ளரை நீட்டி மூன்றாவது கேட்டான். கட்டிலுக்குக் கட்டில் இதே கதை. டாக்டர் தமிழழகன் கூட, தனக்குக் கஞ்சி பொதுவாக ஒத்துக்கொள்ளாது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று அடுப்படியில் குந்தி உட்கார்ந்து மூன்று தம்ளர் குடித்தார். சடையனின் பெயரை நாளைக் காலை பதிவேட்டிலிருந்து எடுக்கப்போகிறார்கள். அவன் நடந்தே மலையேறுவானாம்.

மறியல் முடிந்து ரோடு திறந்துவிட்டது. இத்துடன் ‘மலைவாழ் மக்களின் விருந்தோம்பலும் நோயாளி உணவும்’ என்ற பதினோரு பக்கக் கட்டுரையை வைத்திருக்கிறேன். மூன்று பிரதிகள் தட்டச்சு செய்து, ஒன்றைப் பல்கலைக்கழக இதழுக்கும், ஒன்றை சுகாதாரத் துறையில் உனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவருக்கும் அனுப்பு. இனி எங்கே முகாம் போட்டாலும் இந்தக் கருத்து பயன்படும். அதில் எனக்கு ஐயமில்லை.

அம்சவள்ளிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். ஆசியை விட அதுதான் வேலை செய்யும்.

இப்படிக்கு,
உன் அக்கா
விஜயலட்சுமி

பின்குறிப்பு (30ஆம் தேதி காலை): கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடுக்காதே. விடைபெற வந்த சடையனுக்கும் பாப்பாத்திக்கும் அதிலிருந்து இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினேன். பாப்பாத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னா எழுதிகினு இருக்கற நீ? எங்க ஊர்ல நோவாளிக்குத்தான் மொதல்ல ஊத்துவாங்க” என்றாள். அப்படியானால் என் கஞ்சியை ஏன் வந்தவர்களிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சடையன் கூரையைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்: “கோச்சுக்காத. வயசானவ, மூஞ்செல்லாம் கரியாக்கிகினு, கட்டில் கட்டிலா வந்து நீட்டற. வாணாம்னு சொல்ல யாருக்கும் வாய் வரல. ஒரே கருகல் நாத்தம். கெடங்குக்குப் பின்னால எரும தொட்டில ஊத்திட்டோம். அது கூட ரெண்டு நாளுதான் குடிச்சிது.” டாக்டரைப் பார்த்தேன். அவர் பதிவேட்டில் மிக அவசரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த முகாம் கரியாலூரில், திங்கட்கிழமை போகிறேன். பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சினால் அடிப்பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அம்சவள்ளியைக் கேட்டு மறு தபாலில் எழுது. கேட்பது நான் என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.