முந்நூற்றுப் பன்னிரண்டு வயது ஆரஞ்சு மரங்கள்

இந்த வருடம் பழச் சந்தை வாரியத்தின் படிவத்தை நானே நிரப்புவது என்று முடிவு செய்தேன். மனதுக்குள் செய்த முடிவல்ல. நாற்காலியைப் பின்னால் தள்ளி, எழுந்து நின்று, காபி தம்ளரோடு சமையலறையைப் பார்த்து உரக்க அறிவித்த முடிவு.

காரணம் இருக்கிறது. போன வாரம் பழத்தோட்டக்காரர்கள் கூட்டத்தில் என்னிடம் ஏழு கேள்விகள் கேட்டார்கள். ஏழுக்கும், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன். எட்டாவது கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் பேரிக்காய்த் தோட்டக்காரர் எழுந்து, "அவர் வீட்ல கேட்டுச் சொல்வாராம்" என்று எனக்காகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. தலைவர் அதைக் குறிப்பேட்டில் வேறு எழுதிக்கொண்டார்.

"சரிங்க, நிரப்புங்க" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். மறுப்பாள் என்று நினைத்துப் பதினோரு வாதங்களை வரிசையாகத் தயாரித்து வைத்திருந்தேன். பதினொன்றும் தொண்டையிலேயே தங்கிவிட்டன. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த வழக்கம் என்னிடம் கிடையாது.

அலமாரியைத் திறந்து பதினெட்டுப் பக்கப் படிவம் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"பதினஞ்சாம் தேதிக்குள்ள போய்ச் சேரணும். மறந்துடாதீங்க."

"எனக்கா சொல்ற?"

"வேற யாரு இருக்கா இங்க?"

தோட்டம் இல்லாதவர்களுக்கு இதன் பயங்கரம் புரியாது. அந்தப் படிவம் வாரியத்தில் பதிவானால்தான் பழங்களைத் தரம் பிரிக்கும் கொட்டகையின் கதவு நமக்குத் திறக்கும். பதிவு இல்லையென்றால் ஒரே ஒரு பழத்தைக்கூட உள்ளே விடமாட்டார்கள். பழம் நம் படிவத்துக்காகக் காத்திருக்காது. மரத்தில் பழுக்கும், மரத்தடியில் விழும், அங்கேயே அழுகும். எங்கள் தோட்டத்தில் அப்போதே பாதிக் காய்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

உட்கார்ந்தேன். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவர் மனிதர்களோடு பழகியவராக இருக்க முடியாது. 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுத அரைப் பக்கம் விட்டிருந்தார். தோட்டத்தின் முழு வரைபடத்துக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். 'பழம் பறிப்பவர்கள் கை கழுவ இடம் உண்டா? இல்லையெனில் ஏன் இல்லை? உண்டெனில் ஏன் சென்ற ஆண்டு தெரிவிக்கவில்லை?' என்று ஒரு கேள்வி. படித்ததும் எனக்கே கை கழுவிவிடலாம் போலிருந்தது.

ஏழாம் பக்கத்தில் மரங்களின் கணக்கு. தோட்டத்துக்குப் போய் எண்ணினேன். முந்நூற்று ஒன்பது. சந்தேகம் வந்து திரும்ப எண்ணினேன். முந்நூற்றுப் பதினைந்து. மூன்றாம் முறை முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டே வந்தது. என் மேல் எனக்கே மரியாதை பிறந்தது.

"எத்தனை மரம்னு நான் சொல்லட்டுமாங்க?" என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக.

"வேண்டாம்!"

"வயசு?"

"மரத்தோட வயசு தெரியாதவனா நான்? பதினாலு!"

"நம்ம கல்யாண நாளே உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதான் கேட்டேன்."

எழுதி முடித்ததும், "ஒரு தடவை பார்த்துத் தரட்டுமா?" என்று கை நீட்டினாள். படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். நானே பேருந்து ஏறிப்போய், வாரிய அலுவலக வாசலில் இருந்த பெட்டியில் படிவத்தைப் போட்டு, பெட்டியை இரண்டு தட்டும் தட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை போன் அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனைவி எதிரில்.

"சார், பழச் சந்தை வாரியத்துல இருந்து ஆய்வாளர் பேசறேன். உங்க ஃபாரத்துல பதினாலு மரம், ஒவ்வொண்ணுக்கும் முந்நூத்திப் பன்னிரண்டு வயசுன்னு போட்டிருக்கே?"

வயதுக் கட்டமும் எண்ணிக்கைக் கட்டமும் கண்முன் வந்து நின்றன. பிறகு மெதுவாக இடம் மாறிக்கொண்டன.

"ஆமா" என்றேன். மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

"நிஜமாவா சார்?"

"ஆமா, ஆமா."

"இன்னும் காய்க்குதா?"

"அதெல்லாம் நல்லா காய்க்குது."

"நான் நேர்ல வந்து பார்க்கணும். அதைச் சரிபார்க்காம உங்க பதிவு ஆகாது. வியாழக்கிழமை வரேன்."

போனை வைத்தேன்.

"யாருங்க?"

"பழைய சிநேகிதன். அவங்க வீட்டுப் பெரியவங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

"அவங்கதான் நல்லா காய்க்கிறாங்களா?"

நான் தண்ணீர் குடித்தேன். இரண்டு தம்ளர்.

அன்று முழுதும் தோட்டத்திலேயே சுற்றினேன். தோட்டத்தில் நிறம் மாறும் ஒவ்வொரு காயும் என்னையே பார்ப்பது போலிருந்தது. ஒரு வருட உழைப்பு. உண்மையைச் சொன்னால் அதில் முக்கால்வாசி அவளுடையது. அவள் தண்ணீர் பாய்ச்சி, அவள் கவாத்து செய்து, அவள் பூச்சி பார்த்த மரங்கள். அத்தனையும் என் ஒரு படிவத்தால் தரையில் உதிரப் போகிறது. பேரிக்காய்க்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கப் போகிறார். அவர் பார்த்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவள் பார்க்கப் போகிறாளே!

ஒரு திட்டம் போட்டேன். வியாழக்கிழமை அவள் வீட்டில் இருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மாலை மெதுவாக ஆரம்பித்தேன். "உங்க அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு இல்ல?"

"போன மாசம்தான வந்தா? வந்த அன்னிக்கே 'எப்போ கிளம்பறாங்க'ன்னு மூணு தடவை கேட்டீங்களே."

"சீக்கிரம் கிளம்பிடுவாங்களோன்னு கவலைல கேட்டேன்."

"ஓகோ."

"பாவம், தனியா இருக்காங்க. வியாழக்கிழமை ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன்."

"சரிங்க" என்றாள்.

மறுபடியும் அதே 'சரிங்க'. கதவுக்குப் பின்னால் அவள் பை தயாராகக்கூட இருந்தது. திட்டம் இவ்வளவு சுலபமாகப் பலிக்கிறதே, எனக்குள் இத்தனை நாள் இந்தத் திறமை எங்கே ஒளிந்திருந்தது என்றுதான் யோசித்தேன்.

வியாழன் காலை அவள் பேருந்து ஏறியதும் ஓட்டமாகத் தோட்டத்துக்குப் போனேன். இருப்பதிலேயே கோணலான மரத்தைத் தேர்ந்தெடுத்து, அடிமரத்தில் சேற்றைப் பூசி, சுற்றிலும் பழைய கற்களை அடுக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். பதினாலு வயது மரம் சேற்றில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது.

பின்னால் யாரோ கனைத்தார்கள். ஆய்வாளர். தொப்பி, கைப்பை, கழுத்தில் கேமரா.

"இதுதானா சார் அது?"

"இது... அதுல இளையது."

அவர் மரத்தைச் சுற்றி வந்தார். சேற்றை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலும் அதே சேறு.

என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, கட்டத்தை மாத்தி எழுதிட்டேன். முந்நூத்திப் பன்னிரண்டு மரம், பதினாலு வயசு. பதிவை மட்டும் நிறுத்திடாதீங்க. பழம் பூரா வீணாப் போயிடும். அவ ஒருத்தியாப் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அப்புறம் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நடிப்பில்லை.

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றே நினைத்தேன்.

"சார், உங்க தோட்டம் போன மாசமே பதிவாயிடுச்சு."

"என்னது?"

"அம்மா அந்த மாசம் ஒண்ணாம் தேதியே வந்து கொடுத்துட்டாங்க. முந்நூத்தி எட்டு மரம், எல்லாம் சரியா இருக்கு. உங்களுக்குப் போன் பண்ணினப்புறம்தான் பதிவேட்டைப் பார்த்தேன். உடனே அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நீங்க எழுதினது போன வருஷத்து ஃபாரம் சார். மிச்சமா ஒண்ணு கிடந்துதாம். நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு எடுத்துக் கொடுத்தாங்களாம். வீடும் மூணு நாள் அமைதியா இருந்துச்சாம்."

கற்களின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு போனதில், அடேயப்பா, மூச்சுக் காற்று இவ்வளவு ருசியாக இருக்குமா! எல்லாப் பழமும் கொட்டகைக்குப் போகும். ஒன்றுகூட அழுகாது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த காய்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?"

"வருஷா வருஷம் வர்ற ஆய்வுதான். அம்மாதான் சொன்னாங்க, 'நான் வியாழக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன், அவர் நிம்மதியா உங்ககிட்ட உண்மையைச் சொல்லட்டும். நான் இருந்தா கூச்சப்படுவார்'னு."

"எப்போ சொன்னா?"

"திங்கட்கிழமை."

நான் திட்டம் போட்டது செவ்வாய்க்கிழமை.

அவர் கால் மணி நேரத்தில் தோட்டத்தைச் சுற்றிவந்து, குறிப்புகளை எழுதி முடித்தார். நானும் எழுந்து கைச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, தோட்டக்காரருக்குரிய கம்பீரத்தோடு பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"உங்க கையெழுத்து தேவைப்படாது சார்" என்று அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, என் மனைவி கொடுத்த படிவத்தின் கடைசிப் பக்கத்தைச் சங்கடத்தோடு திருப்பிக் காட்டினார். அவளுடைய முத்து முத்தான எழுத்து.

'நிரந்தர வேலையாள்: ஒருவர். எழுதப் படிக்கத் தெரியும். பேனா கொடுக்க வேண்டாம்.'